பாட்டி வீட்டுப் பன்னீர் ரோஜா உண்மையில் எந்த ரோஜா?

கேள்வி இதுதான்: பாட்டி வீட்டுக் கொல்லையில் பல வருடமாக நிற்கிற, நல்ல வாசனையுள்ள இளஞ்சிவப்பு ரோஜா. நர்சரிக்காரர் அதை டமாஸ்க் என்கிறார். செல்போன் ஆப்பில் படம் எடுத்துப் போட்டால் ஒரு நாள் செண்டிஃபோலியா என்கிறது, மறுநாள் வேறு எதையோ சொல்கிறது. பழைய ரோஜாக்களை எப்படி அடையாளம் காண்பது, ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரிப்பது?

முதலில் பூவைப் பார்ப்பதை நிறுத்துங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பழைய ரோஜாக்களில் ஆளை ஏமாற்றுவது பூதான். அதிலும் நிறம் சுத்தமாக நம்பத் தகாதது. ஒரே செடியில் மார்கழியில் அடர்ந்த இளஞ்சிவப்பாகப் பூப்பது சித்திரையில் வெளிறிப் போகும், இதழ் எண்ணிக்கைகூட வெயிலில் குறையும். ஆப் அந்த ஒரு பூவின் முகத்தை மட்டும் பார்த்துத்தான் பெயர் சொல்கிறது, அதனால்தான் அது நாளுக்கு ஒரு பெயர் சொல்கிறது. முள், இலையின் அடிப்பக்கம், பூக்காம்பு, மொட்டைச் சுற்றியிருக்கும் பச்சைப் புல்லி இதழ்கள், காய், செடி எந்த மாதம் பூக்கிறது என்ற கணக்கு, இவைதான் சாட்சி. இவற்றில் நாலைந்து ஒரே பக்கம் கைகாட்டினால் எந்த இனம் என்று தைரியமாகச் சொல்லலாம். இனம் தெரிந்த பிறகுதான் தனிப் பெயருக்கே போக வேண்டும்.

பழைய ரோஜா என்பதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. 1867-ல் பிரான்ஸின் லியோன் நகரத்துக் கியோ என்ற நர்சரிக்காரர் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை வெளியிட்டார். அதைத்தான் முதல் ஹைப்ரிட் டீ, அதாவது நவீனக் கலப்பின ரோஜா, என்று வழக்கமாகக் கொள்கிறார்கள். அந்த வருடத்துக்கு முன்பே இருந்த இனங்களைத்தான் பழைய தோட்ட ரோஜாக்கள் என்கிறார்கள்: காலிகா, டமாஸ்க், ஆல்பா, செண்டிஃபோலியா, பாசி ரோஜா, சைனா, டீ, போர்பன், நுவாஸெட், போர்ட்லாண்ட் இப்படி. கணக்கு இனத்தின் வயதுக்குத்தான், உங்கள் செடியின் வயதுக்கு அல்ல. உங்கள் பாட்டி நட்டது 1970-ல் வந்த ஹைப்ரிட் டீயாக இருந்தால் செடி எவ்வளவு கிழடு ஆனாலும் அது இந்தக் கணக்கில் வராது.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். முதல் கேள்வி: வருடத்தில் எத்தனை தடவை பூக்கிறது? டமாஸ்க்கா இல்லையா என்பதைப் பாதி இந்த ஒரு கேள்வியே தீர்த்துவிடும்.

வட இந்தியாவில் அத்தர் வடிக்கிற ரோஜா அசல் டமாஸ்க். உத்தரப் பிரதேசத்தில் அலிகர் பக்கம் ஹசாயன், அப்புறம் கன்னோஜ் வட்டாரங்களில் அது மார்ச், ஏப்ரலில் சில வாரங்கள் கொட்டும், பிறகு அடுத்த வருடம்தான். சைத்ர மாதத்தில் பூப்பதால் சைத்தி குலாப் என்றே அங்கே பெயர். பல்கேரியாவின் கசன்லாக் பள்ளத்தாக்கில் அதே இனம் மே, ஜூனில் பூக்கிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் பூ வேண்டும், அத்தனையையும் அந்தக் கொஞ்ச நாளுக்குள் விடியற்காலையில் பறித்தாக வேண்டும். டமாஸ்க்குக்குக் குளிர்காலம் என்று ஒன்று இருந்தால்தான் ஒழுங்காகப் பூ பிடிக்கும். மதுரையிலோ திருச்சியிலோ அந்தச் செடியை வைத்தால் இலை தழைக்குமே தவிர பூ அபூர்வம். ஆகவே சமவெளியில், மாதாமாதம், கவாத்து செய்யச் செய்யப் பூக்கிற ஒரு ரோஜாவை டமாஸ்க் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

அப்படியானால் அது என்ன? பெரும்பாலும் எட்வர்ட் ரோஜா. வட இந்தியாவில் இதைப் பாரமாசி, அதாவது பன்னிரண்டு மாதமும் பூப்பது, என்பார்கள். நம்மூரில் மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் காலங்காலமாகப் பயிர் செய்ததும் இதுதான், பன்னீர் ரோஜா என்று நர்சரியில் கொடுப்பதும் பல இடங்களில் இதுதான். இது போர்பன் இனம். இதன் பிறப்புக் கதை தெரிந்தால் அடையாளம் காண்பது சுலபமாகிவிடும், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அன்றைக்கு போர்பன் தீவு என்று பெயர், பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. அங்கே நிலத்துக்கு வேலியாக இரண்டு ரோஜாக்களைக் கலந்து நட்டார்கள். ஒன்று சீனாவிலிருந்து வந்த 'ஓல்ட் பிளஷ்'. மற்றொன்று டமாஸ்க்குகளில் விதிவிலக்காக இலையுதிர் காலத்தில் இரண்டாம் முறையும் கொஞ்சம் பூக்கும் 'காத்ர் ஸேஸோன்'. இரண்டும் கலந்து வேலியில் தானாக ஒரு கலப்பு முளைத்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. தாவரத் தோட்டப் பொறுப்பில் இருந்த பிரேயோன் என்பவர் 1817 வாக்கில் அதைக் கவனித்தார். அவர் அனுப்பிய விதை பாரிசை ஒட்டிய நெய்யியில் ஓர்லியான் பிரபுவின் தோட்டக்காரராக இருந்த ஜாக் கைக்குப் போய், ஐரோப்பாவின் போர்பன் ரோஜாக்கள் எல்லாம் அதிலிருந்து பெருகின. தீவில் அந்த மூலச் செடிக்கு 'ரோஸ் எதுவார்' என்று பெயர். அதுதான் இந்தியாவுக்கு வந்து எட்வர்ட் ஆனது. ஐரோப்பாவில் பெரும்பாலும் மறைந்து போன ஒரு செடி இங்கே பூக்கூடைகளில் உயிரோடு இருக்கிறது! இதை வெறும் நாட்டு ரோஜா என்று சொல்லிப் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

ஆக உங்கள் முன்னால் மூன்று சந்தேக நபர்கள்: டமாஸ்க், ஓல்ட் பிளஷ் என்ற சைனா, அவற்றின் பிள்ளையான எட்வர்ட். பிள்ளைக்கு இரண்டு பக்கச் சாயலும் இருக்கும் என்பதால்தான் குழப்பமே.

டமாஸ்க் செடியைத் தொட்டாலே தெரியும். இலை மங்கிய சாம்பல் பச்சை, பளபளப்பு கிடையாது, அடிப்பக்கத்தை விரலால் தடவினால் மெல்லிய பூனைமயிர் போல மிருதுவாக இருக்கும். ஒரு இலையில் ஐந்து முதல் ஏழு சிற்றிலை. தண்டெல்லாம் முள், ஒரே அளவாக இராது, பெரிய வளைந்த முள்ளுக்கு இடையில் நுண்ணிய ஊசிகளும் கலந்திருக்கும். பூக்காம்பு முழுக்கச் சின்னச் சின்ன சுரப்பி ரோமம், தொட்டால் கையில் லேசாகப் பிசுபிசுக்கும், மோந்து பார்த்தால் பிசின் வாசனை. பூவுக்குக் கீழே காயாகப் போகிற பகுதி உருண்டையாக இல்லாமல் ஒடுங்கி நீண்டிருக்கும், டமாஸ்க்குக்கு இது முக்கியமான அடையாளம். புல்லி இதழ்கள் நீளமானவை, ஓரத்தில் கிளைத்து இறகு மாதிரி பிரிந்திருக்கும்.

இந்தப் புல்லி இதழ் பற்றி ஐரோப்பாவில் ஒரு பழைய விடுகதை உண்டு: ஐந்து சகோதரர்கள், இருவருக்குத் தாடி உண்டு, இருவருக்கு இல்லை, ஒருவனுக்கு ஒரு பக்கம் மட்டும் தாடி. மொட்டைத் திருப்பிப் பாருங்கள், அப்படியே இருக்கும். இரண்டு புல்லி இதழுக்கு இரு ஓரமும் கிளைத்திருக்கும், இரண்டுக்கு ஓரம் மழமழ, ஒன்றுக்கு ஒரு ஓரம் மட்டும். மொட்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்று மடிந்து கிடக்கும் வரிசையில் எந்த ஓரம் வெளியே தெரிகிறதோ அந்த ஓரத்தில்தான் கிளை வளரும், காரணம் அவ்வளவுதான். பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் இது தெளிவாகத் தெரியும். சைனா ரோஜாவில் ஐந்துக்குமே தாடி இராது, இருந்தாலும் பெயருக்கு ஒன்றிரண்டு கிளைதான்.

ஓல்ட் பிளஷ் எல்லா விதத்திலும் டமாஸ்க்குக்கு நேர் எதிர். இலை வழவழப்பு, பளபளப்பு, நுனி கூர்மை, மூன்று அல்லது ஐந்து சிற்றிலை. புதுத் துளிர் செம்பழுப்பாக வரும். முள் குறைவு, இருக்கும் முள் அகன்று வளைந்தது, ஊசி ரோமம் ஏதும் இல்லை. மெல்லிய குச்சிகளாகக் கிளைத்துக்கொண்டே போகும், ஓய்வே இல்லாமல் பூக்கும், காய் பிடித்தால் ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும். வாசனை இருக்கும், ஆனால் பன்னீர் வாசனை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஒன்று சொல்கிறேன்: ஐரோப்பிய ரோஜாக்கள் விரிந்து வெயில் பட்டால் வெளிறும், சைனா ரோஜாக்கள் வெயில் பட்டால் அடர்ந்து சிவக்கும். காலையில் விரிந்த பூவில் ஒரு நூலைக் கட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், நிறம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 1793-ல் பதிவான 'பார்சன்ஸ் பிங்க் சைனா' இதே ரோஜாதான். சீனாவிலிருந்து போன ரோஜாக்கள் பல கல்கத்தா வழியாக ஐரோப்பா சென்றதால் பிரெஞ்சுக்காரர்கள் ரொம்ப நாள் இவற்றை வங்காள ரோஜா என்றே அழைத்தார்கள்.

எட்வர்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வாசனையும் பூவின் கிண்ண வடிவமும் டமாஸ்க் பக்கம், பூக்கும் பழக்கமும் இலையும் சைனா பக்கம். இலை பெரிது, ஓரளவு பளபளப்பு, அடிப்பக்கம் கிட்டத்தட்ட வழவழப்பு. கொக்கி முள் நன்றாக இருக்கும். தடித்த நீண்ட கிளைகள் வளைந்து வளரும், நுனியில் கொத்தாகப் பூக்கும். இதழ்கள் அடர்த்தி குறைந்தவை, முழுக்க விரிந்தால் நடுவில் மஞ்சள் மகரந்தம் தெரியும், மாலைக்குள் உதிரத் தொடங்கிவிடும். உங்கள் செடி வருடம் முழுவதும் பூத்து, பன்னீர் வாசனையும் அடித்து, இலையின் அடிப்பக்கம் வழவழப்பாகவும் இருந்தால் எட்வர்ட் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. இலை சாம்பல் பச்சையாய், அடியில் ரோமத்தோடு, பூக்கள் குட்டைக் காம்பில் இலைக்கு நடுவே புதைந்தாற்போல் இருந்து, வருடத்தில் இரண்டே தடவை பூத்தால் மட்டும் காத்ர் ஸேஸோன் பக்கம் யோசிக்கலாம். கொடைக்கானல், ஊட்டி மாதிரி இடங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

இன்னொரு சாத்தியம் இருக்கிறது, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பாட்டி நட்டது வேறு ரோஜாவாகவே இருந்திருக்கலாம். நம் நாட்டில் எட்வர்டை ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகவும் பயன்படுத்தினார்கள். மேலே ஒட்டிய ஹைப்ரிட் ரோஜா ஏதோ ஒரு வறட்சியில் செத்து, கீழே இருந்த வேர்ச்செடி துளிர்த்து அதுவே செடியாகிவிடும். அமெரிக்காவில் பாழடைந்த வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் கருஞ்சிவப்பு ரோஜா பலவும் 'டாக்டர் ஹியூயி' என்ற வேர்ச்செடிதான். செடியின் அடித்தண்டில் மண்ணை விலக்கிப் பாருங்கள். முடிச்சு மாதிரி வீங்கிய ஒட்டுத்தழும்பு இருந்து, இப்போதைய கிளைகள் அதற்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால், நீங்கள் பார்ப்பது வேர்ச்செடி. வீட்டில் பெரியவர்களிடம் "முன்னாடி இந்தச் செடியில் வேற நிறத்தில் பூ பூத்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள், இந்த விவரம் அவர்கள் ஞாபகத்தில் இருக்கும்.

ஆப் செண்டிஃபோலியா என்று சொன்னதைச் சட்டென்று தள்ளிவிடலாம். செண்டிஃபோலியாவில் இதழ்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும், கனம் தாங்காமல் பூ தலை கவிழ்ந்து தொங்கும், நடுவில் மகரந்தமே கண்ணில் படாது, வருடத்தில் ஒரு முறைதான் பூக்கும். அதில் தானாக ஏற்பட்ட மாற்றம்தான் பாசி ரோஜா. மொட்டும் காம்பும் பச்சைப் பாசி படர்ந்தது போல இருக்கும், தேய்த்தால் பைன் பிசின் வாசம் விரலில் ஒட்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே கண்டுபிடிக்கலாம்.

மற்ற ஐரோப்பிய இனங்கள் நம் சமவெளியில் கிடைக்காது, ஆனால் மலையிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலிகா குட்டையான, நிமிர்ந்த செடி, பக்கக் கன்றுகள் விட்டுப் பரவும், பெரிய முள் இல்லாமல் நுண்ணூசிகள், சொரசொரப்பான கரும்பச்சை இலை, விறைப்பான காம்பில் மேல் நோக்கிய பூ. ஆல்பா உயரமானது, நீலம் கலந்த சாம்பல் இலையை வைத்துத் தூரத்திலிருந்தே சொல்லலாம், வெள்ளையும் வெளிர் இளஞ்சிவப்பும் தவிர வேறு நிறம் கிடையாது, மற்ற ரோஜாக்கள் தாங்காத நிழலிலும் தாங்கும்.

பெயர் குழப்பத்துக்கு நல்ல உதாரணம் ரோஸா முண்டியும் 'யார்க் அண்ட் லங்காஸ்டரும்'. இரண்டும் இரு நிறப் பழைய ரோஜாக்கள், நூற்றாண்டுகளாக ஒன்றை மற்றொன்றாக விற்கிறார்கள். ரோஸா முண்டி காலிகா இனம். ஒவ்வொரு இதழிலும் வெளிர் நிறத்தின் மேல் சிவப்புத் தீற்றல் கோடுகள் இருக்கும், சில சமயம் ஒரு கிளை மட்டும் கோடில்லாத முழுச் சிவப்புக்குத் திரும்பிவிடும். யார்க் அண்ட் லங்காஸ்டர் டமாஸ்க். இதில் கோடே கிடையாது. ஒரே பூவில் சில இதழ் வெள்ளை, சில இதழ் இளஞ்சிவப்பு, பக்கத்துப் பூ முழு வெள்ளையாக இருக்கலாம், அதற்கடுத்தது முழு இளஞ்சிவப்பாக. கோடு போட்ட பூவைக் காட்டி யார்க் அண்ட் லங்காஸ்டர் என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள்.

பூக்கும் காலம் எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு கஸ்தூரி ரோஜா போதும். பழைய ஆங்கிலத் தாவரக் குறிப்புகள் எல்லாம் கஸ்தூரி ரோஜா கோடை முடிந்து பூக்கும் என்று எழுதிவைத்திருந்தன, ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் நர்சரிகள் விற்றது கோடைத் தொடக்கத்திலேயே பூத்து ஓயும் பிரம்மாண்டமான கொடி. விற்கப்பட்டது இமயமலைக் காட்டு ரோஜா. கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் என்ற ஆங்கிலத் தோட்டக்கலை அறிஞர் இந்த முரணை விடாமல் பிடித்துக்கொண்டு தேடி, லண்டனை ஒட்டிய எனஃபீல்டில் மிடில்டன் ஹவுஸ் தோட்டத்தில் கோடை முடிவில் பூக்கும் அசல் செடியைக் கண்டுபிடித்தார். பூ இரண்டிலும் வெள்ளைதான், ஐந்து இதழ்தான். மாதம்தான் காட்டிக்கொடுத்தது. இந்த இரண்டிலும் பூவின் நடுவே சூல்தண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும், நீலகிரி, பழனி மலைச் சோலை ஓரங்களில் படரும் வெள்ளைக் காட்டு ரோஜாவிலும் அப்படித்தான். டமாஸ்க்கிலும் சைனாவிலும் அவை தனித்தனியாகப் பிரிந்திருக்கும். ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், இதைப் பார்க்க உதவும்.

மரபணுச் சோதனை செய்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஓரளவுதான். 2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நான்கு பழைய டமாஸ்க்குகளைச் சோதித்தபோது, கசன்லாக் பள்ளத்தாக்கு டமாஸ்க், யார்க் அண்ட் லங்காஸ்டர், காத்ர் ஸேஸோன் உட்பட நான்குக்கும் ஒரே மரபணு வடிவம்தான் வந்தது. கோடைக்கு ஒரு டமாஸ்க், இலையுதிர் காலத்துக்கு வேறொரு டமாஸ்க், இரண்டுக்கும் வேறு வேறு பெற்றோர் என்ற பழைய கணக்கு அதோடு போனது. மூன்று மூதாதையர் என்பதும் தெரிந்தது: கஸ்தூரி ரோஜா, காலிகா, அப்புறம் மத்திய ஆசியாவின் ஃபெட்செங்கோ ரோஜா. வம்சத்தைச் சொல்வதில் அந்தச் சோதனை அருமையானது. ஆனால் ஒரு செடியின் ஒரு கிளையில் நிறமோ பூக்கும் பழக்கமோ மாறி உருவான வகைகளை அந்த மாதிரிச் சோதனை பிரித்துக் காட்டாது, அங்கே மறுபடியும் கண்ணும் கையும்தான்.

எல்லாம் பார்த்தும் பெயர் பிடிபடவில்லை என்றால் பெயரை ஒட்டவைக்காதீர்கள். பெர்முடா தீவில் பெயர் தொலைந்த பழைய ரோஜாக்கள் நிறைய. அங்குள்ள ரோஜா சங்கத்தார் அவற்றை 'மர்ம ரோஜாக்கள்' என்று தனியாக வைத்து, கிடைத்த ஊரின் பெயரையோ தோட்டத்துக்காரர் பெயரையோ தற்காலிகமாகச் சூட்டி வளர்க்கிறார்கள். 'ஸ்மித்ஸ் பாரிஷ்' என்பது அப்படி ஒன்று. தப்பான பெயர் ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் தேட மாட்டார்கள், ஊர்ப் பெயர் இருந்தால் தேடல் திறந்தே இருக்கும். உங்கள் செடிக்கும் பாட்டியின் ஊர்ப் பெயரை வைத்து, எந்த வருடம் யார் நட்டது என்று தெரிந்த மட்டும் எழுதிவையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மொட்டைப் பக்கவாட்டில் ஒரு படம், விரிந்த பூவை நேரே ஒரு படம், இலையின் இரு பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் சின்னச் செதில், பழைய தண்டிலும் புதுத் தண்டிலும் முள், காய் இருந்தால் காய், கடைசியாக முழுச் செடி. பூக்கும் மாதங்களை ஒரு வருடம் குறித்துவையுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே முடிந்தால், பென்சில் தடிமனில் முற்றிய குச்சிகள் ஐந்தாறு வெட்டி நிழலில் பதியம் போடுங்கள். எட்வர்டாக இருந்தால் சொந்த வேரில் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் போவது கொல்லைச் செடிதான், அதனால் இரண்டு கன்றையாவது வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள்.